திடீர்னு எதுவும் வரலை

1/
"திடீர்னு வந்துடுச்சு சார்."

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்க்கிற எந்த டாக்டரிடம் வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. சாலை விபத்தில் வர்றவங்க சொல்ற முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். இந்த வாக்கியம் ஏன் பொய் என்பதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். வண்டி ஓட்டறவங்க தயவுசெய்து முழுசா படிச்சிடுங்க.

2/
மார்கழி மாசம். விடியற்காலை நாலு மணி இருக்கும். கார் விபத்து, ஒரே குடும்பத்தில் நாலு பேர். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) ஓட்டினது மகன். முன்சீட்டில் அம்மா. கரும்பு லோடு ஏற்றின டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னாடி கார் போய்ச் சொருகிடுச்சு.

3/
அம்மாவைக் கொண்டு வரும்போதே உயிர் இல்லை. மகனுக்குத் தொடை எலும்பு முறிவு. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கிட்டு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "டாக்டர், நான் தூங்கலை. குடிக்கலை. 80-லதான் வந்தேன். திடீர்னு வந்துடுச்சு. அம்மா எப்படி இருக்காங்க?"

4/
தூங்கலை, குடிக்கலை, 80-ல வந்தார். மூணும் உண்மைன்னே நான் நம்பறேன். நாலாவதுதான் உண்மை இல்லை. கூட வந்த போலீஸ்காரர் சொன்னார்: அந்த டிரெய்லர் டயர் வெடிச்சு ரெண்டு மணி நேரமா அதே இடத்தில் நின்னுட்டிருந்திருக்கு. ரிஃப்ளெக்டர் இல்லை. பின்னாடி நாலு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வச்சிருந்தாங்களாம்.

ரெண்டு மணி நேரமா அசையாம நின்ன வண்டி எப்படிங்க திடீர்னு வரும்?

5/
விபத்துப் பதிவேட்டில் நான் எழுதினது: "நின்றுகொண்டிருந்த வாகனத்தின் பின்புறம் மோதியதாகக் கூறப்படுகிறது." இதே வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கே இல்லை. நின்றுகொண்டிருந்த லாரி. நின்றுகொண்டிருந்த டிப்பர். நின்றுகொண்டிருந்த பஸ்.

அந்தத் தம்பிகிட்ட நான் எதுவும் சொல்லலை. அதுக்கான நேரமும் அது இல்லை. உங்ககிட்ட சொல்றேன். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

6/
கணக்குக்கு வருவோம். எட்டாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க.

60-ல போனா வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் நகருது. 80-ல 22 மீட்டர். 100-ல 28 மீட்டர். நீங்க ஒரு தடவை தும்மி முடிக்கிறதுக்குள்ள ஒரு பஸ் நீளத்தைத் தாண்டி ரெண்டு மடங்கு போயிருப்பீங்க.

7/
எதிரே ஏதோ இருக்குன்னு கண் பார்க்கணும். அது என்னன்னு மூளை புரிஞ்சுக்கணும். நிறுத்தணும்னு முடிவு எடுக்கணும். கால் ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக்குக்குப் போகணும். நல்லா முழிச்சிருக்கிற, ஆரோக்கியமான ஆளுக்கே இதுக்கு ஒன்றரை நொடி ஆகும்னு வச்சுக்கலாம். எதிர்பார்க்காத விஷயம்னா ரெண்டு நொடியைத் தாண்டும். அதுவரைக்கும் வண்டி அதே வேகத்தில் போய்க்கிட்டே இருக்கும்.

8/
அப்புறம்தான் பிரேக். காய்ந்த ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்னு எல்லாமே உங்களுக்குச் சாதகமா இருந்தா, காருக்கான கணக்கு இது. முதல் எண் யோசிக்கிற தூரம், ரெண்டாவது பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரம்:

60-ல: 25 + 20 = 45 மீட்டர்
80-ல: 33 + 35 = 68 மீட்டர்
100-ல: 42 + 55 = 97 மீட்டர்
120-ல: 50 + 79 = 129 மீட்டர்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

9/
வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக் தூரம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 60-ல 20 மீட்டர், 120-ல 79 மீட்டர், பாருங்க. மழையில ரோடு நனைஞ்சிருந்தா பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. அதாவது ஈர ரோட்டில் 80-ல போற கார் நிற்க 100 மீட்டர் வேணும். டயர் வழுவழுன்னு தேய்ஞ்சிருந்தா அதுக்கும் மேல.

10/
இப்போ முக்கியமான கேள்வி. ராத்திரியில் உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?

டிம் லைட், அதாவது லோ பீம், ரோட்டில் உருப்படியா வெளிச்சம் அடிக்கிறது சுமார் 40-லிருந்து 60 மீட்டர் வரைக்கும்தான். நடுவில் 50-னு வச்சுக்குவோம். அதுக்கு அப்பால் இருக்கிறது இருட்டு. அங்கே ரோடு காலியா இருக்குன்னு நீங்க நினைக்கிறது பார்வை இல்லை, நம்பிக்கை.

11/
50 மீட்டரில் ரிஃப்ளெக்டர் இல்லாத டிரெய்லர் ஒண்ணு நிக்குது. உங்க கண்ணுக்குப் பட்டதும் பிரேக் அடிக்கிறீங்க.

60-ல வந்தா: அஞ்சு மீட்டர் மிச்சம் வச்சு நிப்பீங்க. நாலு வார்த்தை திட்டிட்டு வீட்டுக்குப் போவீங்க.
80-ல வந்தா: 58 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவீங்க.
100-ல வந்தா: 92 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவீங்க.

100-ல வர்றவருக்கு பிரேக் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

12/
58-னா என்னன்னு புரியணுமா? நாலாவது மாடியிலிருந்து கீழே விழுறவங்க தரையைத் தொடும்போது இருக்கிற வேகம் அது. 92-னா பத்து மாடிக்கு மேல. யாராவது நாலாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில் அம்மாவை உட்கார வைப்பாங்களா? விளக்கில்லாத ரோட்டில், டிம் லைட்டில், 80-ல போறப்போ முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவங்களை நாம அங்கதான் உட்கார வைக்கிறோம்.

13/
நடந்து போறவங்க கணக்கு இதைவிட மோசம். கறுப்புச் சட்டை போட்ட ஆள் டிம் லைட்டில் 25, 30 மீட்டர் நெருங்கினாத்தான் தெரிவார். 60-ல யோசிக்கிற தூரமே 25 மீட்டர். அதாவது உங்க கால் பிரேக் மேல போய்ச் சேரும்போது வண்டி அவர் மேல போய்ச் சேர்ந்திருக்கும்.

14/
கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் நம்ம ஊர் ரோட்டில் யார் நடக்கிறாங்கன்னு யோசிங்க. ஐயப்பனுக்குக் கறுப்பு. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை. இருட்டில் சிவப்பும் கிட்டத்தட்ட கறுப்பாத்தான் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யற விழித்திரை செல்களுக்கு சிவப்பு சரியாகப் பிடிபடாது. பழனி பாதயாத்திரை, ராத்திரி நடை. இதே மாசங்களில்தான் விடியற்காலைப் பனியும், கரும்பு வெட்டும், ரோடு பூரா டிராக்டரும். இது எதுவும் ரகசியம் இல்லை. வருஷா வருஷம் நடக்கிறது. திடீர்னு இல்லை.

15/
ஆக, "திடீர்னு வந்துடுச்சு" என்பதற்கு அர்த்தம் என்னன்னா: "என் வெளிச்சம் முடியற இடத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் நான் போனேன்."

இதைச் சொன்னா கோபம் வரும். வரட்டும். இனி வழக்கமா எனக்குக் கிடைக்கிற பதில்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

16/
"என் கார்ல ஏ.பி.எஸ். இருக்கு."

நல்லது. ஏ.பி.எஸ். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கும், பிரேக் பிடிக்கும்போதே ஸ்டியரிங் திருப்ப விடும். ஆனா அது வேலை செய்யத் தொடங்கறது நீங்க பிரேக்கை மிதிச்ச பிறகு. 100-ல போறப்போ மிதிக்கிறதுக்கு முன்னாடியே 42 மீட்டர் போச்சு. அந்த 42 மீட்டரில் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. நீங்க மட்டும்தான்.

17/
"எனக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கும், 15 வருஷமா ஓட்டறேன்."

ஒரு டாக்டரா சொல்றேன், பிரேக் பிடிக்கிறது ரிஃப்ளெக்ஸே இல்லை. முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினா கால் உதறுதே, அதுதான் ரிஃப்ளெக்ஸ். அது தண்டுவடத்தோட முடிஞ்சுடும், மூளைவரைக்கும் போக வேண்டியதில்லை. பிரேக் அப்படி இல்லை. பார்த்து, புரிஞ்சு, முடிவெடுத்து, அப்புறம் கால். அனுபவத்தால் அதைப் பூஜ்யம் ஆக்க முடியாது. 15 வருஷ அனுபவம்னா என்ன? 15 வருஷமா அந்த 50-வது மீட்டரில் எதுவும் நிக்கலை. அவ்வளவுதான்.

18/
"நான் பிரைட் லைட் போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

எதிரே யாரும் இல்லாதப்போ தாராளமா போடுங்க, அதுக்குத்தான் அது இருக்கு. ஆனா எதிரே வண்டி வரும்போதும் இறக்காமல் போனா, எதிரே வர்றவர் கண் கூசி, திரும்பப் பார்வை சரியாகச் சில நொடிகள் ஆகும். வயசானவர்னா, கண்ணில் புரை இருந்தா, இன்னும் அதிகம். அஞ்சு நொடின்னா 80-ல அவர் 111 மீட்டர் குருடராகவே ஓட்டுவார். உங்களை நோக்கித்தான் ஓட்டுவார்.

19/
பனியில் இன்னும் ஒரு தப்பு நடக்குது. பனி அதிகமா இருக்கேன்னு பிரைட் லைட் போடறாங்க. அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வந்து, எதிரே வெள்ளைச் சுவர் கட்டின மாதிரி ஆகிடும். பனியில் டிம்தான். பார்வை 30 மீட்டர்தான் இருந்தா வேகம் 40-க்கு மேல போகக் கூடாது. 40-ல நிற்க 26 மீட்டர் போதும். அதுவும் தெரியலைன்னா ரோட்டைவிட்டு முழுசா இறங்கி, ஒரு டீக்கடை வாசல்ல நிறுத்திட்டு டீ குடிங்க.

20/
"போர்டுலயே 100-னு போட்டிருக்கான்."

அந்த எண் உச்ச வரம்பு, இலக்கு இல்லை. அது பகலுக்கும் ராத்திரிக்கும், வெயிலுக்கும் மழைக்கும் ஒரே எண். கார்களுக்கான வேக வரம்பை உயர்த்தி 2018-ல் மத்திய அரசு போட்ட அறிவிப்பை 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது ஞாபகம் இருக்கா? இளம் வயதில் விபத்தில் முடங்கிப்போன ஒருவரின் இழப்பீட்டு வழக்கில் வந்த உத்தரவு அது.

21/
குறைக்க முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். உத்தரப்பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கிற யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் குளிர்காலத்தில் பனிக்காகவே கார்களின் வரம்பை 100-லிருந்து 75 ஆகக் குறைக்கிறாங்க. அங்கே முடியுது. நம்ம நான்கு வழிச்சாலைகளில் விளக்கில்லாத பகுதிகளுக்கு ராத்திரி வரம்புன்னு தனியா ஒரு போர்டு வைக்க என்ன தடை?

22/
"தப்பு லாரிக்காரன் மேல. விளக்கு இல்லாம ரோட்டில் நிறுத்தினது அவன்தானே?"

ஆமா. நூறு சதவீதம் தப்பு. மத்தவங்களுக்கு ஆபத்தாக வண்டியை ரோட்டில் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவு தெளிவா சொல்லுது. நாலு கல்லும் வேப்பங்கிளையும் எச்சரிக்கைப் பலகை ஆகாது. அவங்களை விட்டுடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. ஆனா தப்பு யாருதுன்னு கோர்ட் பல வருஷம் கழிச்சுச் சொல்லும். உங்க தொடை எலும்பு அன்னைக்கே உடைஞ்சிடும்.

23/
உதாரணம் நம்ம கோவையில் நடந்ததே இருக்கு. 2017 ஜனவரி. முன்னாடி போன கார் சிக்னல் காட்டாமல் சட்டுன்னு நின்னுது. பின்னாடி பைக்கில் வந்த இன்ஜினியரிங் மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் கால் மேல ஏறிடுச்சு. காலை எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில் பங்கு பிரிச்சாங்க. காருக்கு 50 சதவீதம். பஸ்சுக்கு 30. மாணவருக்கு 20, போதுமான இடைவெளி விடாததுக்கும் லைசென்ஸ் இல்லாததுக்கும்.

24/
தப்பில் பெரும் பங்கு அடுத்தவங்களோடதுதான். உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. ஆனா போன கால் முழுக்க அந்தப் பையனோடது. அதில் பங்கு பிரிக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. அடுத்தவன் தப்பு செய்வான்னு வச்சுக்கிட்டு ஓட்டறதுக்குப் பேர்தான் இடைவெளி.

25/
"இடைவெளி விட்டா நடுவில் இன்னொருத்தன் நுழைஞ்சிடறான்."

நுழைவான். விடுங்க. மறுபடி கொஞ்சம் பின்வாங்குங்க. பத்துப் பேர் நுழைஞ்சாலும் ஊருக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட லேட்டாகாது. ரோட்டில் இடம் விட்டுக்கொடுத்ததுக்காக யாரும் என் கேஷுவாலிட்டிக்கு வந்ததில்லை.

26/
"60-ல போனா எப்போ போய்ச் சேர்றது?"

நேர்மையான கேள்வி, நேர்மையாவே பதில் சொல்றேன். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 80-ல ஒண்ணேகால் மணி நேரம், 60-ல ஒரு மணி நாற்பது நிமிஷம். 25 நிமிஷம் வித்தியாசம். சென்னையிலிருந்து மதுரைக்குன்னா ரெண்டு மணி நேரம் கூட ஆகும். ஆமா, லேட்டாகும். அது பிடிக்கலைன்னா பகல்ல கிளம்புங்க, ட்ரெயின்ல போங்க. முகூர்த்தத்துக்கு லேட்டாப் போனா மாமா கோவிச்சுக்குவார். அவ்வளவுதான்.

27/
இது நாலு பேர் பிரச்சினை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு: 64,105. இறந்தவங்க 17,884. நாளுக்கு 49 பேர். நாடு முழுக்க அந்த வருஷம் இறந்த 1,68,491 பேரில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகம் என்ற காரணத்தின்கீழ் வர்றாங்க. அதிவேகம்னா யாரோ பைக் ரேஸ் பசங்கன்னு நினைச்சுக்கிட்டு இதைக் கடந்துபோறோம். விளக்கில்லாத ரோட்டில் 80-ம் அதிவேகம்தான்.

28/
நம்ம மாநிலத்தில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்தில் சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108 இருக்கு, விபத்துச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கு. உள்ளேயிருந்து பார்க்கிறவனா சொல்றேன், இதெல்லாம் நல்ல திட்டங்கள், உயிரைக் காப்பாத்துது. ஆனா எல்லாமே மோதின நொடியிலிருந்து தொடங்குது. மோதறதுக்கு முந்தின அந்த 50 மீட்டருக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?

29/
லைசென்ஸ் டெஸ்ட்ல எட்டு போடச் சொல்றோம். காருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்றோம். எல்லாம் பட்டப்பகலில், 20 கிலோமீட்டர் வேகத்தில். நிற்க எவ்வளவு தூரம் வேணும்னு எந்த மைதானத்திலும் யாரும் ஓட்டிக் காட்டறதில்லை. ராத்திரி ஓட்டறது எப்படின்னு யாரும் சோதிக்கறதில்லை.

30/
என் துறை மேலயும் குற்றம் இருக்கு. லைசென்சுக்கு டாக்டர் கையெழுத்துப் போடற படிவம் 1-ஏ இருக்கே, அதில் நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுதான்னு ஒரு கேள்வி உண்டு. மாலைக்கண் இருக்கான்னும் உண்டு. எத்தனை டாக்டர்கள் ஆளை நிற்க வச்சுச் சோதிச்சுட்டுக் கையெழுத்துப் போடறோம்? ஆளையே பார்க்காமல் போடற கையெழுத்தும் உண்டு. புரை முத்தின கண்ணோட ராத்திரி லோடு ஓட்டறவர் கையில் இருக்கிற சான்றிதழில் நம்மில் ஒருத்தர் சீல்தான் இருக்கு. நாமதான் முதல்ல நிறுத்தணும்.

31/
அரசுகிட்ட நான் கேட்கிறது பெரிசா எதுவும் இல்லை.

விளக்கில்லாத நெடுஞ்சாலைப் பகுதிகளுக்கு ராத்திரி வேக வரம்பு போர்டு.
பழுதாகி நிற்கிற வண்டிகளை விடியறதுக்குள்ள இல்லை, உடனே அகற்றணும். டோல் வாங்கறவங்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கு.
ஒளிரும் பட்டை ஒட்டாத டிரெய்லரிலிருந்து சர்க்கரை ஆலை கேட்டில் கரும்பு இறக்கக் கூடாது. அரவைப் பருவத்தில் ஒவ்வொரு டிரெய்லரும் அந்த கேட்டுக்கு வந்துதான் ஆகணும். நூறு இருநூறு ரூபாய் ஸ்டிக்கர். ரோட்டில் துரத்திப் பிடிக்க வேண்டாம், கேட்டில் நின்னா போதும்.

32/
உங்ககிட்ட கேட்கிறது இதைவிடச் சின்னது.

ராத்திரியில் டிம் லைட்டில் போறப்போ 60-க்குக் கீழே. தெரியற தூரத்துக்குள் நிறுத்த முடியணும், அவ்வளவுதான் விதி.
முன்னாடி வண்டி போனா, அது ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு"ன்னு எண்ணுங்க. முடிக்கிறதுக்குள்ள நீங்க அந்தக் கம்பத்துக்கு வந்துட்டா ரொம்ப நெருக்கம். மழைன்னா ஆறு வரைக்கும் எண்ணுங்க.
கண்ணாடியையும் ஹெட்லைட்டையும் துடைங்க.
நாற்பது தாண்டினவங்க கண்ணைக் காட்டிட்டு ஓட்டுங்க.
நடந்து போறவங்க வெள்ளைத் துண்டாவது தோளில் போட்டுக்கோங்க, பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்க.

33/
கடைசியா ஒண்ணு. நானும் யோக்கியன் இல்லை. நைட் டூட்டி முடிச்சு, இல்லேன்னா டூட்டிக்கு லேட்டாகுதுன்னு, இதே ரோட்டில் 90-ல போனவன்தான். அந்த மார்கழி ராத்திரி முடிஞ்சு விடிஞ்சதும், ஓ.பி. சீட்டுப் பின்பக்கத்தில் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நானும் இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓட்டியிருக்கேன்னு புரிஞ்சுது. இதுவரைக்கும் எனக்கு எதிரே டிரெய்லர் நிக்கலை, அது மட்டும்தான் அந்தத் தம்பிக்கும் எனக்கும் வித்தியாசம்.

34/
இப்போ 60-லதான் போறேன். பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிக்கிறாங்க, லைட்டை அடிச்சுக் காட்டறாங்க, தாண்டும்போது திரும்பி முறைச்சுட்டுப் போறாங்க. பழகிடுச்சு.

உங்க வீட்டில் ராத்திரி வண்டி ஓட்டறவர் யாரோ, அவருக்கு இந்த இழையை அனுப்புங்க. எட்டாவது பதிவில் இருக்கிற நாலு வரிக் கணக்கை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்க.

இன்னைக்கு ராத்திரியும் எனக்கு டூட்டி. உங்களில் யாரையும் அங்கே பார்க்க வேண்டாம்.